கரடியும் சைக்கிளும் சந்திக்கும் வளைவு

அலாஸ்கா மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான ஆங்கரேஜில் சுமார் 2,90,000 பேர் வாழ்கிறார்கள். பன்னாட்டு விமான நிலையம், பல்கலைக்கழகம், உயரமான கட்டடங்கள் எல்லாம் உள்ள ஊர். அதே நகராட்சி எல்லைக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட கருங்கரடிகளும் ஐம்பதுக்குக் குறையாத பழுப்புக் கரடிகளும் இருப்பதாக மாநில வனவிலங்குத் துறை மதிப்பிட்டிருக்கிறது. நகரின் கிழக்கு ஓரத்தில் உள்ள பெரிய பூங்கா ஒன்றின் வழியே கேம்பெல் ஓடை பாய்கிறது. கோடையில் சால்மன் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து அந்த ஓடையில் ஏறி வருகின்றன. மீனைத் தேடிக் கரடிகளும் வருகின்றன. ஓடைக்கரையை ஒட்டி, புதர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது ‘ரோவர்ஸ் ரன்’ என்ற குறுகலான பாதை. நடப்பவர்களும் ஓடுபவர்களும் சைக்கிள்காரர்களும் அதைப் பயன்படுத்திவந்தார்கள்.

2008 ஜூன் இறுதியில் அங்கே 24 மணி நேர சைக்கிள் போட்டி ஒன்று நடந்தது. நள்ளிரவு தாண்டிய நேரம். அலாஸ்காவின் கோடையில் அப்போதும் அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும். அந்தப் பாதையில் தனியே வந்த 15 வயதுப் பெண்ணைப் பழுப்புக் கரடி ஒன்று தாக்கியது. கழுத்தில் படுகாயம். சரியாகப் பேசக்கூட முடியாத நிலையில் அவள் கைப்பேசியில் அவசர எண்ணை அழைத்தாள். பின்னால் வந்த இன்னொரு போட்டியாளர் அவளைக் கண்டுபிடித்தார். அவள் பிழைத்தாள். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே பாதையில் ஓட்டப் பயிற்சிக்கு வந்த பெண் ஒருவரைக் கரடி கடித்துக் குதறியது. 2010ல் சைக்கிளில் வந்த ஒருவர் அங்கேயே தாக்கப்பட்டார். மூன்று கோடைகளுக்குள் ஒரே பாதையில் மூன்று பேர். இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. மீன் ஏறும் ஓடை, கண்ணை மறைக்கும் புதர், வேகமாக வரும் மனிதர் என மூன்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது பாதையை அங்கே போட்ட முடிவுதான்.

வீடுகளுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டும்போது கரடி எதிர்ப்படுவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் எல்லோருடைய கவனமும் போகிறது. அது தேவையான கேள்விதான். ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் சேர்ந்துள்ள விசாரணை அறிக்கைகளையும் ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் விளைவைத் தீர்மானிப்பவை சந்திப்புக்கு முன்பே முடிவாகிவிடுவது தெரிகிறது. பாதையில் எவ்வளவு தொலைவு கண்ணுக்குத் தெரிகிறது, வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது, பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்பவை அவை. மூன்றும் மனிதர் கையில் இருப்பவை.

முதலில் அச்சத்தின் அளவைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். உலகெங்கும் பழுப்புக் கரடிகள் மனிதரைத் தாக்கிய நிகழ்வுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2019ல் வெளிவந்தது. 2000 முதல் 2015 வரை 664 தாக்குதல்கள். ஐரோப்பாவில் 291, வட அமெரிக்காவில் 183, ரஷ்யா, ஈரான், துருக்கி அடங்கிய கிழக்குப் பகுதியில் 190. ஏறத்தாழ ஏழில் ஒன்று உயிரிழப்பில் முடிந்தது. கிட்டத்தட்டப் பாதித் தாக்குதல்களில் குட்டிகளோடு இருந்த தாய்க்கரடி சம்பந்தப்பட்டிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு எதிர்பாராத திடீர்ச் சந்திப்புகள். இவற்றோடு இன்னொரு எண்ணையும் வைத்துப் பார்க்கலாம்: அமெரிக்காவில் மட்டும் மோட்டார் வண்டிகள் மோதி ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் இறக்கிறார்கள். காட்டோர நகரத்தில் வாழும் சைக்கிள்காரருக்கும் கரடியைவிடக் கார்தான் பெரிய ஆபத்து.

எண்ணிக்கை குறைவு என்பதால் கேள்வி சிறியதாகிவிடாது. இந்தத் தாக்குதல்களில் கணிசமானவை தவிர்த்திருக்கக்கூடியவை. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் பல நேரங்களில் கரடியும் சுட்டுக் கொல்லப்படுகிறது. இழப்பு இரண்டு பக்கமும்தான்.

சைக்கிள் இந்தச் சந்திப்பை எப்படி மாற்றுகிறது என்பதை மொன்டானா மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. 2016 ஜூன் 29 அன்று, கிளேசியர் தேசியப் பூங்காவின் வாசலில் உள்ள வெஸ்ட் கிளேசியர் ஊருக்குப் பக்கத்துக் காட்டுப்பாதையில், 38 வயதான வனத்துறைக் காவல் அலுவலர் ஒருவர் பணியில் இல்லாத நேரத்தில் உறவினருடன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். காட்டை நன்கு அறிந்த மனிதர். ஒரு வளைவைக் கடந்ததும் அவருடைய வண்டி கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடியின் மீதே மோதியது. கரடி அவரைக் கொன்றது. நிபுணர் குழு ஒன்று இதை விசாரித்தது. வண்டி மணிக்கு 32 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கும் என்றும், கரடியைக் கண்ட நொடிக்கும் மோதிய நொடிக்கும் இடையே ஓரிரு விநாடிகளே இருந்திருக்கும் என்றும் குழு கணித்தது. கரடி விரட்டி வரவில்லை, பதுங்கியிருக்கவும் இல்லை. தன் மேல் வந்து விழுந்ததைத் தாக்கியது. அதைத் தேடிப் பிடித்துக் கொல்ல வேண்டியதில்லை என்று அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். அந்த முடிவில் நியாயம் இருந்தது.

மணிக்கு 35 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குப் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வளைவுக்கு அப்பால் 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால், சைக்கிள்காரருக்கு இரண்டே விநாடிகள். அதே 20 மீட்டரைக் கடக்க நடந்து செல்பவருக்குப் பதினைந்து விநாடிகள் ஆகும். அந்தப் பதினைந்து விநாடிகளில் கரடிக்குக் காலடி ஓசை கேட்கும், வாடை எட்டும், விலகிப் போக நேரமும் இருக்கும். பெரும்பாலான கரடிகள் அப்படித்தான் விலகிப் போகின்றன, மனிதருக்குத் தெரியாமலேயே. சைக்கிள் அந்த அவகாசத்தை இரண்டு வகையில் பறித்துக்கொள்கிறது. வேகம் ஒன்று, ஓசையின்மை இன்னொன்று. நல்ல நிலையில் உள்ள மலைச் சைக்கிள் மண்பாதையில் ஏறக்குறையச் சத்தமே இல்லாமல் ஓடும். பக்கத்தில் ஓடை இரைந்தாலோ, காற்று எதிர்த்திசையில் வீசினாலோ, பத்து மீட்டருக்குள் வரும்வரை கரடிக்கு எதுவும் தெரியாது.

இது 2016க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டதல்ல. கரடித் தாக்குதல்களைப் பற்றி 1985ல் விரிவான நூல் எழுதிய கனடிய விஞ்ஞானி ஸ்டீபன் ஹெரேரோ, பான்ஃப் தேசியப் பூங்காவின் மொரெய்ன் ஏரிக்கு மேலே செல்லும் பாதை குறித்து 2000ல் ஒரு அறிக்கை தயாரித்தார். அதற்காக அவர் சைக்கிள்காரர்கள் கரடிகளைச் சந்தித்த 33 நிகழ்வுகளைத் திரட்டினார். பெரும்பாலானவற்றில், 50 மீட்டருக்குள் நெருங்கிய பிறகே கரடி இருப்பது சைக்கிள்காரருக்குத் தெரியவந்திருந்தது. கோடையில் கரடிகள் அங்கே உணவு தேடும் மாதங்களில் சைக்கிளுக்கு அந்தப் பாதையை மூடும் நடைமுறை அந்தப் பூங்காவில் வந்தது. ஆங்கரேஜ் போட்டி நடந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து. அறிவு இருந்தது. அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

எல்லாக் கரடித் தாக்குதலையும் ஒரே கணக்கில் எழுதுவதும் தவறு. அஞ்சித் தாக்கும் கரடி வேறு, இரையாக எண்ணித் தொடரும் கரடி வேறு. பழுப்புக் கரடி பெரும்பாலும் முதல் வகை. குட்டியையோ இறந்துகிடக்கும் விலங்கின் உடலையோ காக்க, அல்லது திடுக்கிட்டுப் பாய்கிறது. ஆபத்து நீங்கியது என்று தோன்றினால் விட்டுவிடுகிறது. கருங்கரடி பொதுவாகக் கூச்சமுள்ளது, மரத்தில் ஏறித் தப்பப் பார்ப்பது. ஆனால் அரிதாக அது கொல்லும்போது பெரும்பாலும் இரைக்காகவே கொல்கிறது. 1900 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் கருங்கரடிகளால் கொல்லப்பட்ட 63 பேரின் விவரங்களை ஹெரேரோவும் சக ஆய்வாளர்களும் 2011ல் வெளியிட்டார்கள். உயிரைப் பறித்த தாக்குதல்களில் 88 சதவீதம் இரை தேடும் நடத்தை. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஆண் கரடிகளின் வேலை. பலியானவர்களில் பெரும்பாலோர் தனியாகவோ இருவராகவோ சென்றவர்கள். குட்டியோடு உள்ள பெண் கருங்கரடியே மிகக் கொடியது என்ற பரவலான நம்பிக்கைக்கு இந்தக் கணக்கு எதிராக இருக்கிறது. 2007 கோடையில் கனடாவின் பனோரமா மலை விடுதியில் சைக்கிள் ஓட்டிய இளம்பெண் ஒருவர் கருங்கரடியால் கொல்லப்பட்டார். அதுவும் விடுதிக் கட்டடங்களுக்கு அருகில் உள்ள பாதைகளில்தான்.

ஊருக்குள் தூங்கிக்கொண்டிருந்த சைக்கிள்காரர் கொல்லப்பட்ட நிகழ்வும் உண்டு. மொன்டானாவின் ஓவாண்டோ நூறு பேர்கூட இல்லாத சிற்றூர். கனடாவிலிருந்து அமெரிக்காவின் தென்எல்லை வரை மலைத்தொடரை ஒட்டிச் செல்லும் நெடுந்தொலைவு சைக்கிள் பாதை அதன் வழியே போகிறது. ஊர்க்காரர்கள் பயணிகளை அன்போடு வரவேற்று, ஊர் நடுவில் கூடாரம் அடிக்க இடம் தருவார்கள். 2021 ஜூலை 6 அதிகாலை மூன்று மணியளவில் கிரிஸ்லி ஒன்று கூடாரங்களை நெருங்கியது. விழித்துக்கொண்டவர்கள் சத்தம் போட்டு விரட்டினார்கள். கூடாரத்தில் இருந்த உணவை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் படுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் அது மீண்டும் வந்து, கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்த 65 வயதுப் பெண்மணியைக் கூடாரத்திலிருந்து இழுத்துக் கொன்றது. பக்கத்தில் இருந்தவர்கள் மிளகாய் ஸ்பிரே அடித்துக் கரடியை ஓட்டினாலும் உயிரைக் காக்க முடியவில்லை. அந்த இரவுகளில் அந்தக் கரடி ஊர்க் கோழிக்கூடுகளையும் தேடி வந்தது. கோழிக்கூடு ஒன்றுக்குத் திரும்பி வந்தபோது, மூன்று நாளில், அதைச் சுட்டுக் கொன்றார்கள். விரட்டியதும் ஓடிப்போன கரடி திரும்ப வராது என்று எண்ணியது அங்கே நடந்த பிழை. முதல் வருகைக்குப் பிறகு எல்லோரும் ஏதேனும் கட்டடத்துக்குள் போயிருக்க வேண்டும்.

கரடி ஏன் ஊருக்குள் வருகிறது? பாதிக் காரணம் நல்ல செய்தி. 1975ல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் எழுநூறு எண்ணூறு கிரிஸ்லிகளே எஞ்சியிருந்தன. சட்டப் பாதுகாப்புக் கிடைத்த பிறகு இப்போது சுமார் 2,000. இத்தாலியின் ட்ரென்டினோ மலைப்பகுதியில் 1999 முதல் 2002 வரை ஸ்லோவேனியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பத்துக் கரடிகள் இன்று நூறை ஒட்டிப் பெருகிவிட்டன. 2023 ஏப்ரலில் அங்கே தன் கிராமத்துக்கு மேலுள்ள காட்டுப்பாதையில் ஓடப் போன 26 வயது இளைஞரை ஒரு தாய்க்கரடி கொன்றபோது, நவீன இத்தாலியில் கரடியால் நேர்ந்த முதல் சாவு என்று நாடே அதிர்ந்தது. அழிவிலிருந்து மீண்ட விலங்கும், மலையோரத்தில் வீடு கட்டும் மனிதரும், இருவருக்கும் நடுவே புதிது புதிதாகப் போடப்படும் சைக்கிள் பாதைகளும் என மூன்றும் ஒரே நிலத்தில் வந்து சேர்கின்றன.

மீதிக் காரணம் நாம் வெளியே வைக்கும் உணவு. குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்னக்கூடும். காட்டில் ஒவ்வொரு பழமாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியதை, ஒரு குப்பைத்தொட்டியோ பறவைத் தீவனக் கூடையோ சில நிமிடங்களில் தந்துவிடும். வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் 2014ல் தொடங்கிய ஆய்வில், நகருக்குள் வளரும் ஓராண்டுக் குட்டிகள் அருகிலுள்ள தேசியக் காட்டின் குட்டிகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு எடை இருப்பது தெரிந்தது. சில கரடிகள் வீடுகளுக்கு நடுவிலேயே குளிர்காலத்தையும் கழிக்கின்றன. அப்படி வளரும் கரடிக்குச் சைக்கிள் பாதை என்பது ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும் வழி. இரவில் அது அதே பாதையில்தான் நடக்கிறது.

தீர்வு இருக்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. கொலராடோவின் டுராங்கோ நகரில் ஆய்வாளர்கள் கரடி திறக்க முடியாத 1,110 குப்பைத்தொட்டிகளைச் சில பகுதி வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்து, கொடுக்காத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். கொடுத்த பகுதிகளில் குப்பையால் வரும் கரடித் தொல்லை 60 சதவீதம் குறைவாக இருந்தது. தொட்டி மட்டும் போதவில்லை, அதை ஒழுங்காகப் பூட்டும் வீடுகள் பெருகியபோதுதான் பலன் தெரிந்தது. பான்ஃபுக்குப் பக்கத்து ஊரான கேன்மோர் இன்னும் துணிந்து போனது. வீட்டு வாசலில் குப்பை எடுக்கும் முறையையே 1990களில் நிறுத்திவிட்டு, தெருமுனைகளில் கரடி திறக்க முடியாத இரும்புத் தொட்டிகளை வைத்தது. வீட்டுப் பழமரங்களை வெட்ட நகராட்சி உதவுகிறது. பாதையோரங்களில் கரடி விரும்பித் தின்னும் பழப்புதர்களையும் அகற்றிவருகிறார்கள்.

அந்தக் கேன்மோரிலும் எல்லாம் நன்றாக முடியவில்லை. 148 என்ற எண் கொண்ட இளம் பெண் கிரிஸ்லி ஒன்று ஊரைச் சுற்றியே வாழ்ந்தது. யாரையும் காயப்படுத்தவில்லை. ஆனால் பாதைகளில் மனிதரை நெருங்கியும் பின்தொடர்ந்தும் போனதால், 2017ல் அதைப் பிடித்துத் தொலைவான காட்டில் விட்டார்கள். சில மாதங்களில் அது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குள் போனது, அங்கே வேட்டைக்காரர் ஒருவர் சட்டப்படியே அதைச் சுட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த மாகாணம் கிரிஸ்லி வேட்டையைத் தடைசெய்தது. மூடப்பட்ட பாதைகளில் அறிவிப்பை மீறி நுழைந்த நடையர்களும் சைக்கிள்காரர்களும் அந்தக் கரடியின் முடிவில் பங்குள்ளவர்கள். அபராதத்தோடு முடிந்துவிடும் சிறு விதிமீறல் என்று இதை எண்ணக் கூடாது.

ஜப்பானில் நிலைமை வேறு விதமாக முற்றியிருக்கிறது. அங்கே ஊர்கள் காட்டுக்குள் விரியவில்லை. கிராமங்கள் காலியாகி, காடு ஊர்களை நோக்கி வருகிறது. பராமரிப்பு இல்லாத தோட்டங்களில் சீமைப் பனிச்சைப் பழங்கள் பறிக்க ஆளின்றித் தொங்குகின்றன. காட்டில் பீச் மரக் காய்ப்பு பொய்க்கும் ஆண்டுகளில் கரடிகள் அவற்றைத் தேடி இறங்குகின்றன. 2023 நிதியாண்டில் 219 பேர் தாக்கப்பட்டு ஆறு பேர் இறந்தது அதுவரை காணாத அளவு. 2025ல் நவம்பருக்குள்ளேயே 13 பேர் இறந்தார்கள். அந்த ஜூலையில் ஹொக்கைடோ தீவின் ஒரு சிற்றூரில் அதிகாலைச் செய்தித்தாள் போட வந்தவரைக் குடியிருப்புத் தெருவிலேயே பழுப்புக் கரடி கொன்றது. அகிதா மாகாணத்தில் பொறி வைக்கும் வேலைக்குத் துணையாகப் படைவீரர்களை அனுப்ப வேண்டிவந்தது. பள்ளிப் பிள்ளைகள் பையில் மணி கட்டிக்கொண்டு போகிறார்கள்.

தமிழ்நாட்டில் மலையடிவாரத்துச் சாலைகளில் இருசக்கர வண்டியில் போகிறவருக்கும் இது தொலைவான கதை அல்ல. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே, வண்டியில் ஊர் ஊராக மசாலாப் பொருள்கள் விற்கச் சென்ற வியாபாரி ஒருவரைச் சாலையோரத்திலிருந்து பாய்ந்த கரடி கீழே தள்ளிக் கடித்தது. காப்பாற்றப் போன இருவரையும் முகத்தில் கிழித்தது. வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு காட்டில் விட்ட அந்தக் கரடியும் இறந்துபோனது. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் கரடிகள் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளேயே தங்கிவிட்டன. உண்ணிச்செடிப் புதர் மறைவிடமாகிறது. எண்ணெய்க்காகவும் நெய்க்காகவும் கோயில், கடை, சத்துணவுக் கூடக் கதவுகளை உடைக்கின்றன.

நம் காடுகளின் கரடி உருவத்தில் கிரிஸ்லியைவிடச் சிறியது. ஆனால் திடுக்கிட்டால் பாய்வதில் எதற்கும் குறைந்ததல்ல. புலி உள்ள காட்டில், மரமேறித் தப்ப முடியாமல், எதிர்த்து நின்றே உயிர்காத்துவந்த இனம் அது. கரையான் புற்றைத் தோண்டி உறிஞ்சும்போது அதன் கவனம் முழுக்க மண்ணுக்குள் இருக்கும், கண்பார்வையும் கூர்மையானதல்ல. மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரை இக்கரடிகளால் 735 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 48 பேர் இறந்தார்கள். காயங்கள் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் விழுகின்றன. வட அமெரிக்கப் பாதையில் சைக்கிள்காரருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை எல்லாம் இந்தக் கரடிக்குக் கூடுதலாகவே பொருந்தும். ஓசையின்றி வேகமாக நெருங்காதீர்கள் என்பதே அதில் முதலாவது. 2008 முதல் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ போன்ற சைக்கிள் பயணங்களால் மலைச்சாலைகளில் சைக்கிள் ஓட்டும் ஆசை பரவியிருக்கிறது. விடியும் முன்பே கிளம்பி, தேயிலைத் தோட்டத்துக் கிளைச்சாலைகளில் தனியே இறங்குவது பலருக்குப் பிடித்த பழக்கம். கரடி தன் இரவு மேய்ச்சலை முடித்துத் திரும்பும் நேரமும் அதுதான்.

இனி, ஓட்டுபவர் என்ன செய்யலாம்? முதலில் ஓசை. மணி கட்டுவது பலனளிக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கிளேசியர் பூங்காவில் 1980களில் நடந்த ஆய்வில், கிரிஸ்லிகள் பாய்ந்தது மணி கட்டாத நடையர்கள் மீதுதான். பின்னாளில் அலாஸ்காவில் டாம் ஸ்மித் என்ற விஞ்ஞானி மறைந்திருந்து மணியை ஒலித்துப் பார்த்தபோது கரடிகள் கண்டுகொள்ளவே இல்லை. பென்சிலை ஒடித்த சத்தத்துக்குத்தான் திரும்பிப் பார்த்தன. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் மனிதக் குரலை நம்புவதே மேல். வளைவுக்கு முன்பும், புதர் நெருங்கும் இடத்திலும், ஓடையைக் கடக்கும்போதும் உரக்கக் கூப்பிட வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டும். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இவை எதுவும் பயன்படாது. நாயைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டு போவதும் ஆபத்து. கரடியைச் சீண்டிவிட்டு நாய் தன் எசமானிடம்தான் ஓடிவரும்.

கரடி தெரிந்துவிட்டால் வேகமாக மிதித்துத் தப்பலாம் என்ற எண்ணம் முதலில் வரும். அதை அடக்கத்தான் பழக வேண்டும். கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும், சரிவிலும் ஓடும். ஓடும் எதையும் துரத்துவது அதன் இயல்பு. இறங்கி, சைக்கிளை நடுவில் தடுப்பாக வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசியபடி, முதுகைக் காட்டாமல் பின்வாங்குவதே எல்லா வனத்துறைகளும் சொல்வது. பழுப்புக் கரடி மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கழுத்தின் பின்புறத்தைக் கைகளால் மூடி, அசையாமல் கிடக்க வேண்டும். கருங்கரடி என்றால் கையில் கிடைத்ததைக் கொண்டு அதன் முகத்தில் அடித்துப் போராட வேண்டும். நம் ஊர்க் கரடி என்றால் முகத்தையும் கழுத்தையும் காப்பதே முதல் வேலை.

மிளகாய்ச் சாறு அடைத்த கரடி ஸ்பிரேயைப் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை அது பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளை 2008ல் ஆராய்ந்தார்கள். பழுப்புக் கரடிகளிடம் 92 சதவீதமும் கருங்கரடிகளிடம் 90 சதவீதமும் அது வேலை செய்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பினார்கள். அமெரிக்க விதிப்படி அது ஏழரை மீட்டருக்காவது பீய்ச்சியடிக்க வேண்டும், ஆறு விநாடியாவது நீடிக்க வேண்டும். சைக்கிள்காரருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தண்ணீர்ப் புட்டி வைக்கும் இடத்தில் ஸ்பிரேயைச் செருகி வைத்தால், விழும்போது வண்டி ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். இடுப்பிலோ மார்பிலோ கட்டியிருப்பதே பயன்படும். அப்போதும், மொன்டானா விபத்தைப் போல ஓரிரு விநாடிகளே கிடைத்தால் எந்தக் கருவியும் கைக்கு வந்து சேராது.

அதனால்தான் பாதை போடுகிறவர்களின் பொறுப்பு ஓட்டுபவருடையதைவிடப் பெரியது. பான்ஃபின் மின்னிவாங்கா ஏரிப் பாதையில் ஜூலை 10 முதல் செப்டம்பர் 15 வரை சைக்கிளுக்கு அனுமதி இல்லை, நடப்பவர்களும் குறைந்தது நால்வராக நெருங்கியே போக வேண்டும். பழம் பழுக்கும் பருவத்தை வைத்துப் போட்ட விதி அது. கேன்மோரையும் பான்ஃபையும் இணைக்கும் தார்ச்சாலை சைக்கிள் பாதை நெடுஞ்சாலை வேலிக்குள் போகிறது. வேலியில் திறப்பு உள்ள இடத்தில் தரையில் மின்பாய் விரித்திருக்கிறார்கள். ரப்பர் டயரில் கடக்கும் சைக்கிள்காரருக்கு ஒன்றும் ஆகாது, வெறும் பாதத்தோடு வரும் விலங்கு திரும்பிவிடும். சைக்கிளைத் தடை செய்யாமலே சந்திப்பைத் தவிர்க்கும் இத்தகைய வழிகள் செலவு பிடிப்பவை, ஆனால் நடைமுறையில் உள்ளவை. மறுபுறம், 2019ல் மொன்டானாவின் பிளாட்ஹெட் தேசியக் காட்டில் ஓட்டப் போட்டிக்கும், சைக்கிள்களை மலைமேல் ஏற்றிவிடும் வண்டிச் சேவைக்கும் அனுமதி கோரப்பட்டது. 35 ஆண்டுகள் அமெரிக்கக் கிரிஸ்லி மீட்புத் திட்டத்தை நடத்தியவரும், 2016 மரணத்தை விசாரித்த குழுவின் தலைவருமான கிறிஸ் செர்வீன் அதை வெளிப்படையாக எதிர்த்தார். கரடி வாழும் இடத்தில் வேகத்தை ஊக்குவிப்பது பொது நிறுவனம் செய்யக்கூடாத வேலை என்பது அவர் வாதத்தின் சாரம். சைக்கிள் சங்கங்கள் இதை ஏற்கவில்லை. வளைவுகளைத் திருத்தி, புதரை வெட்டி, பருவத்துக்கு ஏற்பத் திறந்து மூடினால் போதும் என்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் சால்மன் ஓடைக்கரையிலும் பழுத்த புதர்களுக்கு நடுவிலும் சரிவில் பாயும் பாதைக்கு இடமில்லை என்பதில் செர்வீன் பக்கமே சான்று இருக்கிறது.

நீலகிரியிலும் தென்காசி மலையடிவாரத்திலும் இத்தகைய சந்திப்புகளைத் தவிர்க்கும் வேலையைத் தொடங்க ஆராய்ச்சி எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஊராட்சிகள் செய்ய வேண்டியது, உணவுக் கழிவை இரவில் திறந்தவெளியில் கிடக்கவிடாமல் அள்ளுவதும் சாலை வளைவுகளின் இருபுறமும் உண்ணிச்செடியை வெட்டி வைப்பதும். சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள் வெளிச்சம் நன்றாக வந்த பிறகே குழுக்களை அனுப்பட்டும். மலைச்சாலையில் தனியே சைக்கிள் ஓட்டுகிறவர் புதர் மறைக்கும் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைப் பிடித்து, ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பட்டும்.